தலையை வெட்டினாலும் வகுபடாத படகு

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் இரண்டு கண்களின் மேல் ஆணை. நாற்பது வருடம் நான் நடத்திய ஐஸ் கம்பெனியின் மேல் ஆணை. என் மனைவி ஜன்னத் பீவி செய்யும் இறால் பிரியாணியின் மேல் ஆணை. படைத்தவன் மேல் ஏன் ஆணையிடவில்லை என்று கேட்காதீர்கள். சின்ன விஷயத்துக்கெல்லாம் அவனைச் சாட்சிக்கு இழுப்பது மரியாதையில்லை. ஆனால் நேரில் நின்று, கண்ணால் பார்க்காத ஒன்றைக்கூட இங்கே நான் எழுதவில்லை. படபடப்பு வரக்கூடியவர்கள் உட்கார்ந்துகொண்டு படிக்கவும். பார்த்த எனக்கே இன்னும் அடங்கவில்லை.

நாகூரில் வெட்டாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் நாகநாதனும் அவர் தம்பி இளம்பரிதியும் அடுத்தடுத்த வீட்டில் இருக்கிறார்கள். தம்பிக்கு அப்பா வைத்த பெயர் வேறு. தமிழ்ப் பற்று முற்றியபோது அவனே இளம்பரிதி என்று மாற்றிக்கொண்டான். அதோடு நிற்காமல் தன் பைக்கின் நம்பர் பலகையையும் தமிழ் எண்களில் எழுதி வைத்தான். வழியில் நிறுத்தும் போலீஸ்காரர்கள் எல்லாம், "என்னப்பா இது, ஜாதகக் கட்டமா?" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார்கள்.

அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவாக அவர்கள் அப்பா விட்டுப்போனது ஒரு மர விசைப்படகு. இருவருக்கும் நடுவில் பிறந்தவள் சுந்தரி. புருஷன் இறந்த பிறகு அவளுடைய பிழைப்பு அந்தப் படகுதான். காலையில் படகு கரைக்கு வந்ததும் அவள் பேருக்கு ஒரு கூடை மீன் எடுத்து வைப்பார்கள். அதை அவள் நாகூர்த் தெருக்களில் கூவி விற்பாள். அந்தக் கூடை இல்லையென்றால் அவள் வீட்டில் உலை இல்லை.

மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று கோடையில் அரசாங்கம் விசைப்படகுகளைக் கடலுக்கு விடாது. அந்தத் தடைக்காலத்தில்தான் படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவது, பெயிண்ட் அடிப்பது எல்லாம் நடக்கும். சென்ற தடைக்காலத்தில் படகுக்கு நீலம் அடிப்பதா பச்சை அடிப்பதா என்று அண்ணன் தம்பிக்குள் பேச்சு வந்தது. பேச்சு முற்றி, பாட்டன் காலத்துப் பழியெல்லாம் வெளியே வந்து, கடைசியில் பிரித்தே தீருவது என்று நின்றுவிட்டது. விற்றுப் பணத்தைப் பிரிக்கலாமென்றால் ஒருவன் சொல்லும் விலைக்கு மற்றவன் ஒத்துக்கொள்ளவில்லை. இளம்பரிதி திருவாரூர் வரைக்கும் போய் ஒரு பெரிய ரம்பத்தோடு வந்து சேர்ந்தான்.

சுந்தரி தலைவிரி கோலமாக என் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"பாய், நீங்க சொன்னாத்தான் கேப்பானுங்க. படக அறுத்துட்டானுங்கன்னா நான் எந்தக் கூடையத் தூக்குவேன்?"

அவர்கள் அப்பாவுக்கு ஐஸ் கொடுத்தவன் நான். போய் நின்றேன். ரம்பத்தின் பல்லை விரலால் தொட்டுப் பார்த்தேன். "தாராளமா பிரிங்கப்பா" என்றேன். சுந்தரி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"ஆனா படகு சும்மாவா? அதுக்கு ஒரு ராசி எண் எழுதுங்க. அந்த எண்ண மிச்சமில்லாம பங்கு போட்டுக் காட்டுங்க. ரெண்டு பங்கோ, ஏழு பங்கோ, நூறு பங்கோ, உங்க இஷ்டம். மிச்சம் இல்லாம வந்தா அன்னைக்கே அறுக்கலாம். வரலைன்னா ரம்பத்தத் திருப்பிக் கொடுத்துடணும்."

வேறு ஊராக இருந்தால் சிரித்திருப்பார்கள். இவர்கள் இருவரும் கூட்டு எண் பார்க்காமல் குளிக்கக்கூட மாட்டார்கள். பஸ் டிக்கெட் எண்ணைக் கூட்டி எட்டு வந்தால் நாகநாதன் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவார். அவர் அப்படிக் கும்பகோணம் போய்ச் சேர ஒரு பகல் ஆகும். இருவரும் உடனே ஒத்துக்கொண்டார்கள்.

எண்ணைக் கொடுத்தது நாகநாதனின் மகள் ஜீவிதா. கும்பகோணத்தில் எம்.எஸ்ஸி. கணிதம் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்திருந்தவளைச் சுந்தரி வீட்டுக் கொல்லையில் பிடித்தேன்.

"ஜீவிதாம்மா, எதாலயும் வகுபடாத எண் ஒண்ணு சொல்லு. ஏழு, பதிமூணு மாதிரி."

"பகா எண்ணா? ஏழு போதாது பாய் தாத்தா. சித்தப்பா சும்மா இருக்க மாட்டாரு. யாரும் பாக்காதப்ப ஒரு எண்ண அழிச்சு விட்டுட்டு, இப்ப வகுத்துப் பாருங்கம்பாரு."

அதுவும் சரிதான். படகு கரையேறி நின்ற நிலையில் அதன் முன்பக்கம் இளம்பரிதி வீட்டு வாசலைப் பார்த்து இருந்தது. பின்பக்கத்தில் நாகநாதன் நாள் முழுக்க உட்கார்ந்து வலை பின்னுகிறார். அழிப்பதென்றால் தம்பி முன்பக்கம்தான் அழிக்க முடியும்.

ஜீவிதா கொஞ்ச நேரம் யோசித்தாள். தடைக்காலம் என்பதால் சுந்தரி கருவாடுதான் விற்றுக்கொண்டிருந்தாள். பலகையில் கிடந்த நீளமான வாளைக் கருவாட்டை இவள் எடுத்தாள்.

"இதுக்குத் தலைய வெட்டினா என்ன தாத்தா?"

"கருவாடுதான்."

"இன்னொரு துண்டு வெட்டினா?"

"கருவாடுதான்."

"வால் நுனி வரைக்கும் வெட்டிக்கிட்டே வந்தாலும் கருவாடுதானே? அப்படி ஒரு எண் இருக்கு. முழுசாவும் பகா எண். தலையில இருக்கிற இலக்கத்த ஒண்ணு ஒண்ணா எடுத்துக்கிட்டே வாங்க, மிச்சமிருக்கிறதும் பகா எண்ணாவே இருக்கும். கடைசியில ஏழு மட்டும் நிக்கும். அதுவும் பகா எண்."

"அடிப் பாவி" என்றாள் சுந்தரி. "வெட்டுறதுக்கு முன்னாடி கருவாட்டக் கீழ வை."

ஜீவிதா சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன்: 357686312646216567629137. இருபத்து நான்கு இலக்கம். வாய்விட்டுச் சொன்னால் முந்நூற்று ஐம்பத்தேழு கோடி கோடி கோடி, அதற்கு மேல் சில்லறை. இந்தக் குணம் கொண்ட எண்களிலேயே இதுதான் ஆகப் பெரியது என்றாள். எனக்கு மேலுதடு வேர்த்துவிட்டது.

பெயிண்டர் சைபுல்லா நாகூரில் பாதிக் கடைகளுக்குப் பெயர் எழுதியவன். அவன் அந்த எண்ணைப் படகின் பக்கவாட்டில், முன்னால் மூன்று, பின்னால் ஏழு என்று ஒரே வரியாக வெள்ளையில் எழுதினான். இளம்பரிதி செல்போனை எடுத்து வகுக்கப் போனான். செல்போன் அந்த எண்ணை வாங்கிக்கொண்டு நடுவில் ஒரு ஆங்கில எழுத்தைக் காட்டியது.

"பாய், இதுல ஈ வருதுங்க. ஈ-ன்னா எத்தனை பங்கு?"

"ஈ-ன்னா கொடுக்கணும்னு அர்த்தம். உனக்குத் தெரியாத தமிழா? ரம்பத்தக் கொடுத்துடு."

அவன் கேட்கவில்லை. திருத்துறைப்பூண்டியில் ஓய்வுபெற்ற நில அளவையர் ஒருவர் இருந்தார். ஒரு களத்துமேட்டை இரண்டு தாரத்துப் பிள்ளைகள் ஏழு பேருக்கு ஒரு சத்தம் எழாமல் பிரித்துக் கொடுத்தவர். அவரை பைக்கில் உட்காரவைத்துக் கூட்டி வந்தான். அவர் படகின் நிழலில் உட்கார்ந்து இரண்டால் வகுத்தார், மூன்றால் வகுத்தார், பதினேழு, பத்தொன்பது என்று போனார். சாயங்காலம் எழுந்து நடந்தே பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டார். கொண்டுவந்த அளவுச் சங்கிலி தோள்பைக்குள்ளேயே முடிச்சு விழுந்து கிடந்தது. அதற்குப் பிறகு அவரால் எதையும் பிரிக்க முடியவில்லை. இன்று வரைக்கும் இட்லியைக்கூட விண்டு சாப்பிடாமல் முழுசாகத்தான் விழுங்குகிறார் என்று அவர் வீட்டம்மா என்னிடம் அழுதார்.

ஒரு நாள் காலையில் பார்த்தால் படகின் மூக்கில் இருந்த மூன்றைக் காணோம்.

"ஆடு நக்கிடுச்சு பாய்" என்றான் இளம்பரிதி. கையில் பெயிண்ட் தின்னர் வாசம் அடித்தது. "இருக்கிறத வெச்சு வகுக்கலாம்ல?"

"தாராளமா."

அண்ணன் மகளை நம்பாமல் எண்ணை எடுத்துக்கொண்டு பிரவுசிங் சென்டருக்கு ஓடினான். நானும் பின்னாலேயே போனேன். கடைக்காரர் தட்டிப் பார்த்தார். பகா எண் என்று வந்தது. அடுத்த நாள் ஐந்தைக் காணோம். பகா எண். அதற்கடுத்து ஏழைக் காணோம். பகா எண். கடைக்காரர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"தம்பி, தலைய எடுத்துட்டு எடுத்துட்டு வரீங்க, உசுரு போகவே மாட்டேங்குதே. வேற கடைக்குப் போயிடுங்க. எனக்கு வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்கு."

இளம்பரிதிக்கு வெறி பிடித்துவிட்டது. ஆட்டின் மேல் பழி போட்டுப் போட்டு, முன்பாதி முழுவதையும் அழித்தான். அண்ணன் உட்கார்ந்திருக்கும் பக்கம் தொடங்கும் இடத்தில்தான் நின்றான். மிச்சம் நின்றது 216567629137. இதைச் செல்போனே முழுசாக வாங்கிக்கொண்டது. எதால் வகுத்தாலும் புள்ளி வைத்துவிட்டு, அதன் பின்னால் எறும்பு வரிசையாக எண்கள் ஓடின. அன்று ஆற்றில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்த கொக்கு அதிர்ச்சியில் இன்னொரு காலையும் ஊன்றியதை நான் பார்த்தேன்.

தடைக்காலம் முடிய இரண்டு நாள் இருந்தது. நாகநாதன் ஏதோ வேலையாக முன்பக்கம் சுற்றி வந்தவர், பாதிப் படகு வெறும் மரமாக நிற்பதைப் பார்த்து அலறிவிட்டார்.

"எங்கடா நம்பரு?"

"ஆடு..."

"எந்த ஆடுடா பன்னெண்டு நம்பரத் திங்கும்? மசக்கை ஆடா?"

சைபுல்லாவைக் கூப்பிட்டு முழு எண்ணையும் மறுபடி எழுதச் சொன்னார். எழுதத் தொடங்கும்போது சுந்தரி தேங்காயும் சூடமும் கொண்டுவந்தாள்.

"சைபுல்லா, இந்தத் தடவையாவது பிள்ளையார் சுழி போட்டு ஆரம்பிப்பா. போன தடவை போடாமத்தான் ஆடு நக்கிடுச்சு."

சைபுல்லா நல்ல பையன். எல்லாருடைய வழக்கத்தையும் மதிப்பவன். என் ஐஸ் வண்டிக்கு எண் எழுதும்போது 786 என்று முதலில் போட்டுவிட்டுத்தான் மற்றதை எழுதுவான். அதே மரியாதையை இங்கேயும் காட்டினான். காகிதமாக இருந்தால் சுழியை எண்ணுக்கு மேலே நடுவில் போட்டிருப்பான். படகின் விளிம்பில் மேலே இடம் இல்லை. அதனால் எண்ணுக்கு முன்னால், அதே வரியில், அதே அளவில், அதே வெள்ளையில் 'உ' என்று போட்டான். பக்கத்திலேயே 357 என்று தொடங்கிவிட்டான்.

விடுமுறை முடிந்து போயிருந்த ஜீவிதா, கும்பகோணத்தில் பரீட்சை முடித்துவிட்டு அன்றுதான் பஸ்ஸில் வந்து இறங்கினாள். அவள் பை கையிலிருந்து விழுந்தது.

"பாய் தாத்தா! தலையில என்ன அது?"

"பிள்ளையார் சுழிம்மா."

"ஐயோ. இந்த எண்ணுக்குத் தலைய எடுக்கலாம். புதுசா வைக்க முடியாது. ஒண்ணுலேருந்து ஒன்பது வரைக்கும் எத முன்னால ஒட்டினாலும் வகுபட்டுடும். இது அதோட முடிஞ்சுபோன எண்ணு. அதனாலதான் ஆகப் பெரிசு."

"அது எழுத்துதானேம்மா, எண்ணு இல்லையே."

அவள் பதில் சொல்வதற்குள் பைக் சத்தம் கேட்டது. இளம்பரிதி வந்து நின்றான். படகைப் பார்த்தான். தன் பைக்கின் நம்பர் பலகையைக் குனிந்து பார்த்தான். மறுபடி படகைப் பார்த்தான். அந்தப் பலகையில் இரண்டாவது இடத்தில் இருந்த எண்ணும் படகின் தலையில் இருந்த சுழியும் ஒரே அச்சு. தமிழில் இரண்டை அப்படித்தான் எழுதுவார்கள்.

"ரெண்டு!" என்று கத்தினான். "அது ரெண்டு! யாரோ முன்னால ரெண்டு போட்டிருக்காங்க!"

"டேய், அது பிள்ளையாருடா!" என்றார் நாகநாதன்.

"ரெண்டு!"

"பிள்ளையாரு!"

"பாய், நீங்களே சொல்லுங்க. அது ரெண்டா, பிள்ளையாரா?"

சத்தம் கேட்டுக் கூடிவிட்ட கூட்டம் என் முகத்தைப் பார்த்தது. பிள்ளையாரை இரண்டு என்று ஒரு ஐஸ்கார பாய் சொன்னால் என்ன ஆகும்? இரண்டைப் பிள்ளையார் என்று சொன்னால் தமிழ்ப் பற்றாளர்கள் சும்மா விடுவார்களா? தாடியைத் தடவிக்கொண்டே கடலைப் பார்த்தேன்.

என்னைக் காப்பாற்றியது சுந்தரிதான். "ரெண்டுன்னே வெச்சுக்கடா. கூட்டிப் பாரு" என்றாள்.

கூடை போகப்போகிறது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் சொன்னாள். சாமி பெயரில் அண்ணன் தம்பி அடித்துக்கொள்வதைப் பார்க்க அவளால் முடியவில்லை.

இளம்பரிதி விரல் விட்டுக் கூட்டினான். நாகநாதன் உதட்டுக்குள் கூட்டினார். கூட்டத்தில் ஆளாளுக்குக் கூட்டினார்கள். சுழி இல்லாமல் நூற்றுப் பன்னிரண்டு. சுழியோடு சேர்த்தால் நூற்றுப் பதினாலு. அந்தத் தொகையைக் கேட்டதும் நானும் சைபுல்லாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் வேதத்தில் அத்தியாயங்கள் அத்தனை. வாயைத் திறக்கவில்லை. ஏற்கெனவே பிள்ளையார் வந்தாகிவிட்டது, போதும்.

"நூத்திப் பதினாலு மூணால போகுது!" இளம்பரிதி குதித்தான். "கூட்டுத்தொகை மூணால போனா எண்ணும் மூணால போகும். ஜீவிதா, நீயே சொல்லு. உண்டா இல்லையா?"

ஜீவிதா தலையைக் குனிந்துகொண்டு, "உண்டு சித்தப்பா" என்றாள். கணக்கில் பொய் சொல்ல அந்தப் பெண்ணுக்கு வரவில்லை.

மணலில் எழுதி வகுத்தார்கள். மூன்றால் வகுக்க, மிச்சம் ஒன்றும் இல்லாமல், கடைசி இலக்கம் வரைக்கும் சுத்தமாக வந்தது. விடை 785 என்று தொடங்கியது. "ஒரு நம்பர்ல போச்சே" என்று சைபுல்லா உச்சுக்கொட்டினான். என் வாழ்நாளில் எத்தனையோ புயல் பார்த்திருக்கிறேன். அந்த மிச்சமின்மையைப் பார்த்தபோது வந்த திகில் எதிலும் வந்ததில்லை.

இளம்பரிதி ரம்பத்தை எடுத்துவிட்டான். நாகநாதன் படகின் மேல் ஒரு தடவை கை வைத்துவிட்டு, சொன்ன சொல் சொன்னதுதான் என்று விலகி நின்றார்.

"இருடா தம்பி" என்றாள் சுந்தரி. "எத்தனை பங்குக்கு வந்துச்சு?"

"மூணு பங்குக்கா."

"உனக்கு ஒண்ணு."

"ஆமா."

"அண்ணனுக்கு ஒண்ணு."

"ஆமா."

"இன்னொண்ணு?"

இளம்பரிதி மூன்றாவது விரலை நீட்டினான். நாகநாதன் கையிலிருந்த வலை ஊசி மணலில் விழுந்தது. இத்தனை நாள் இரண்டு, ஏழு, பதினேழு, நூறு என்று எத்தனையோ பங்கு போட்டுப் பார்த்தார்களே, அப்பாவுக்குப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றாதது அவர்களுக்கு மட்டுமில்லை. பஞ்சாயத்துப் பேச வந்த எனக்கும்தான்.

"அப்பா போட்ட படகு" என்றாள் சுந்தரி. "நானும் அவருக்குப் பொறந்தவதானே? பொண்ணுக்கும் பங்கு உண்டுன்னு சட்டம் இருக்கு. ஆபீசுக்குப் போய்க் கேக்க வேண்டாம்னு இருந்தேன். இப்பப் பிள்ளையாரே கணக்குப் போட்டுக் கொடுத்துட்டாரு. இல்ல, உனக்குப் புடிச்ச மாதிரி சொல்லணும்னா, ரெண்டு கணக்குப் போட்டுக் கொடுத்துருச்சு."

நாகநாதன் குனிந்து ஊசியை எடுத்துக்கொண்டு, "சரிதான்" என்றார். தம்பியைப் பார்த்தார். "சரிதானேடா?"

"சரிதான்" என்றான் இளம்பரிதி, மெதுவாக. "எந்தப் பங்கு வேணும்க்கா?"

"அண்ணன் மூத்தவரு, பின்னால சுக்கான் பக்கம் எடுத்துக்கட்டும். நீ கடைசி, மூக்குப் பக்கம் எடுத்துக்க. உனக்குத்தான் அந்தப் பக்கம் பழக்கம், ஆடெல்லாம் தெரிஞ்சிருக்கு. நான் நடுவுல பொறந்தவ. எனக்கு நடுப்பங்கு."

"அக்கா, நடுவுலதானே எஞ்சின் இருக்கு!"

"இருந்துட்டுப் போகட்டும். உன் பங்குலயா இருக்கு?"

ரம்பம் அவன் கையில் அப்படியே தொங்கியது. எஞ்சின் இல்லாத மூக்கை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? சுக்கானை மட்டும் வைத்துக்கொண்டு அண்ணன் எந்தக் கடலுக்குப் போவார்? கூட்டத்தில் முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு ஜீவிதா சிரித்தாள். கடைசியில் இளம்பரிதியே ரம்பத்தின் மேல் உட்கார்ந்து சிரித்தான், உட்கார்ந்ததும் எழுந்துவிட்டான்.

"அறுக்க வேணாம்க்கா" என்றான். "பங்கு பங்காவே இருக்கட்டும். படகு ஒண்ணாவே ஓடட்டும்."

"அப்ப எஞ்சின் சாவி என்கிட்ட இருக்கும். காலையில கூடைய நிரப்பிட்டுத்தான் சாவி கைக்கு வரும். பெயிண்டு என்ன கலரு?"

"நீலம்" என்றார் நாகநாதன்.

"பச்சை" என்றான் இளம்பரிதி.

"மஞ்சள்" என்றாள் சுந்தரி.

தடைக்காலம் முடிந்த அன்று அந்த மஞ்சள் படகு வெட்டாற்று முகத்திலிருந்து கடலுக்குப் போனது. பக்கவாட்டில் இருபத்து நான்கு இலக்கம், அதன் தலையில் ஒரு சுழி. அது பிள்ளையாரா இரண்டா என்று யாரும் கேட்பதில்லை. சுந்தரி முதல் கூடையைத் தூக்கிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்தபோது, ஜன்னத் பீவி பேரம் பேசாமல் மீன் வாங்கியதையும் என் இந்தக் கண்களாலேயே பார்த்தேன். நடந்ததிலேயே நம்ப முடியாதது அதுதான்.

அந்தத் தடைக்காலம் தொடங்குவதற்கு முதல் வாரமே திருச்சியில் விமானம் ஏறி துபாயில் என் மகன் ஃபஹத் வீட்டுக்குப் போன நான், படகுகள் எல்லாம் கடலுக்குப் போன பிறகுதான் ஊர் திரும்பினேன். பாஸ்போர்ட்டில் முத்திரை இருக்கிறது.